கழற்றிப் பார்க்கக்கூடிய வீடு

பழைய மர்பி, பிலிப்ஸ் வால்வு றேடியோக்கள் பலவற்றின் பின்பலகையைக் கழற்றினால் உள்ளே ஒரு தாள் ஒட்டியிருக்கும். அந்தப் பெட்டியின் மின்சுற்றுப் படம் அது. எந்த வால்வு எங்கே, எந்தத் தடை எத்தனை ஓம், எந்தப் புள்ளியில் எத்தனை வோல்ட் வரவேண்டும் என்பதெல்லாம் செய்தவனே எழுதி வைத்திருப்பான். மன்னார்க் கடைத்தெருவில் றேடியோ திருத்தும் தொழிலுக்குப் போன எனக்கு அந்தத் தாள்தான் ஆசிரியர். இங்கிலாந்திலோ ஒல்லாந்திலோ இருந்த முகம் தெரியாத ஒருவன், இது ஒருநாள் பழுதாகும், அப்போது எங்கோ ஓர் ஊரில் ஒருவன் இதைத் திருத்தவேண்டி வரும் என்று நினைத்து அதை ஒட்டியிருக்கிறான். அந்த மரியாதையை நான் இன்றுவரை மறக்கவில்லை.

பின்னர் திரான்சிஸ்டர் வந்தது, ஐ.சி. வந்தது. பொருட்கள் சிறுத்தன, விலை இறங்கியது, ஏழை வீட்டிலும் பாட்டுக் கேட்டது. அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அந்தத் தாள் மெல்ல மெல்ல இல்லாமல் போயிற்று. பிறகு திருகாணியும் போயிற்று. இன்று கடையில் வாங்கும் பல சாமான்கள் பசை வைத்து ஒட்டப்பட்டவை. திறக்கப் போனால் உடைந்துவிடும். பழுதானால் எறி, புதிதை வாங்கு என்பதுதான் ஏற்பாடு. இப்படியே போனால் எங்கள் பிள்ளைகள் பாவிக்க மட்டும் தெரிந்தவர்களாக வளர்வார்கள், உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்கும் பழக்கமே அற்றுப்போகும் என்ற கவலை எனக்கு நெடுநாள் இருந்தது. அது இப்போது குறைந்திருக்கிறது. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

உள்ளே என்ன நடக்கிறது என்ற கேள்வியை எங்கள் தலைமுறைக்குக் கற்றுத்தந்தது யுத்தம். 1990க்குப் பிறகு மன்னார்ப் பெருநிலப்பரப்பின் பெரும்பகுதியில் மின்சாரம் இல்லை. பற்றரிக்குத் தடை, பெற்றோலுக்குத் தடை. மடுவில் அகதிகளாக இருந்த காலத்தில் இரவானால் பி.பி.சி. தமிழோசை கேட்டாகவேண்டும், எந்த ஊரில் ஷெல் விழுந்தது, பாதை திறந்ததா என்பதெல்லாம் அதில்தான் தெரியவரும். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒரு பொடியன் பெடலைக் கையால் சுற்றுவான். சைக்கிள் டைனமோ தருவது 6 வோல்ட், அதுவும் ஆடலோட்டம். றேடியோவுக்கு நேரோட்டம் வேண்டும். பழுதான பெட்டிகளில் கழற்றிய 4 டயோட்டும் ஒரு கொள்ளளவியும் இருந்தால் காரியம் முடிந்தது. மோட்டார் சைக்கிள்காரர் காபரேட்டருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு எஞ்சினை உதைத்துக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். இந்த வித்தைகளை முதலில் கண்டவர் யாரென்று எவருக்கும் தெரியாது. கண்டவர் மற்றவருக்குச் சொன்னார். கேட்டவர் அதில் ஒரு திருத்தம் செய்து அடுத்தவருக்குச் சொன்னார். ஒளித்து வைத்து விற்றவர் யாரும் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு படிக்கும் என் பேத்தி ஒருநாள் மேசையில் ஒரு பலகையைக் கொண்டுவந்து வைத்தாள். தீப்பெட்டியளவு. ஈ.எஸ்.பி 32 என்று பெயர். ஷாங்காய் நகரத்து எஸ்பிரெசிஃப் நிறுவனம் 2016 இல் வெளியிட்ட சில்லு அதில் இருக்கிறது. வைஃபையும் புளூடூத்தும் அதற்குள்ளேயே உண்டு. விலை சில ஆயிரம் ரூபாயைத் தாண்டாது. "தாத்தா, இதின்ர படம் இருக்கு" என்று கைத்தொலைபேசியில் காட்டினாள். எந்தக் கால் என்ன வேலை செய்யும், எதற்கு எத்தனை வோல்ட், பலகையில் தடைகளும் கொள்ளளவிகளும் எங்கே என்று முழுச் சுற்றும் இருந்தது. அதில் ஓடும் நிரலையும் வரிக்கு வரி படிக்கலாம், மாற்றலாம், மாற்றியதை மற்றவருக்குக் கொடுக்கலாம் என்றாள். சில்லுக்குள் எல்லாமே திறந்து கிடக்கவில்லை, வைஃபைப் பகுதியின் நிரலில் ஒரு பாகம் மூடித்தான் இருக்கிறது என்றும் சொன்னாள். அந்த நேர்மையும் எனக்குப் பிடித்தது. எழுபதைத் தாண்டிய வயதில், அந்தத் தாள் திரும்பி வந்ததைக் கண்டேன்.

இது எங்கிருந்து வந்தது என்று கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். 2005 இல் வட இத்தாலியின் இவ்ரேயா என்ற சிறு நகரில், மின்னியல் படிக்காத வடிவமைப்பு மாணவர்களும் கையாளத்தக்க மலிவான பலகை வேண்டுமென்று மாசிமோ பான்சியும் கூட்டாளிகளும் ஆர்டுயினோவைச் செய்தார்கள். அதற்கு முன்னரே அங்கு படித்த கொலம்பிய மாணவர் எர்னான்டோ பராகான் போட்ட அத்திவாரத்தின் மேல்தான் அது எழுந்தது. பலகையின் வரைபடத்தை அவர்கள் உலகத்துக்குத் திறந்து விட்டார்கள். 2013 இல் பவுலஸ் ஸ்கவுட்சன் என்பவர் தன் வீட்டு விளக்குகளைச் சூரியன் மறையும் நேரத்தில் தானாக எரியவைக்கப் பைதான் மொழியில் சிறு நிரல் எழுதினார். ஆயிரக்கணக்கானோர் கைவைத்து அது ஹோம் அசிஸ்டன்ட் ஆக வளர்ந்தது. பழைய மடிக்கணினியிலோ ராஸ்பெரி பை பலகையிலோ அதை நிறுவிவிட்டால் வீட்டிலுள்ள உணரிகளும் சுவிச்சுகளும் அதனோடு பேசும். ஈ.எஸ்.பி பலகைக்கு நிரல் எழுதுவதைச் சில எளிய வரிகளாகச் சுருக்கித் தருவது ஈ.எஸ்.பி ஹோம், ஒட்டோ வின்டர் என்ற மாணவர் தொடங்கியது. 2024 இல் ஹோம் அசிஸ்டன்டையும் ஈ.எஸ்.பி ஹோமையும் சுவிட்சர்லாந்தில் பதிவான இலாப நோக்கற்ற ஓர் அமைப்பின் பொறுப்பில் விட்டார்கள். நாளைக்கு ஒரு பெரிய கம்பனி வந்து வாங்கிப் பூட்டிவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது.

அந்தப் பயம் வீண் பயமல்ல. ரெவோல்வ் என்றொரு பெட்டி அமெரிக்காவில் விற்கப்பட்டது. வீட்டு விளக்கு, பூட்டு எல்லாவற்றையும் ஒன்றாக இயக்கும். அதைச் செய்த கம்பனியைக் கூகிளின் நெஸ்ட் வாங்கியது. 2016 மே மாதத்தில் அதன் சேர்வரை நிறுத்தினார்கள். காசு கொடுத்து வாங்கிய பெட்டி, பழுது ஒன்றுமில்லாமலே, வெறும் பெட்டியானது. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்ற கம்பனியின் சேர்வரும் முன்னறிவித்தலின்றி நின்றது. வீட்டுக்காரர் காலையில் எழுந்து பார்த்தால் கைத்தொலைபேசியிலிருந்து விளக்கு எரியவில்லை. வீடு உங்களுடையது, சுவரும் கம்பியும் உங்களுடையவை, ஆனால் விளக்கு எரிய வேண்டுமா என்று தீர்மானிக்கும் இடம் கடல் கடந்து இருக்கிறது என்றால், அந்த விளக்கு உங்களுடையதல்ல. எனக்கு இதில் இரண்டாம் கருத்து இல்லை. மின்சாரமும் இணையமும் எப்போது போகும் எப்போது வரும் என்று தெரியாத எங்கள் கரையில் இருப்பவர்கள் இதை மற்றவர்களைவிட நன்றாக யோசிக்க வேண்டும். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்த நாடு இது.

இனி, வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் அனுப்பும் கமராக்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பேசாலைப் பக்கத்தில் தனியாக இருக்கும் ஓர் அம்மா. என் வயதுக்காரி. பிள்ளைகள் மூன்று பேரும் வெளியில். மூத்த மகன் ரொறன்ரோவிலிருந்து இரண்டு கமரா அனுப்பியிருந்தான்; ஒன்று விறாந்தைக்கு, ஒன்று அறைக்கு. பூட்டித் தரச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். நான் போனபோது அந்த அம்மா பெட்டியைத் திறக்கவே இல்லை. "அண்ணை, பிள்ளையளுக்குக் கவலைதான், எனக்கு விளங்குது. அதுக்காக நான் இருக்கிறது, நிக்கிறது, சீலை மாத்துறது எல்லாம் படம் பிடிக்க வேணுமே?" என்று கேட்டார். மகனோடு தொலைபேசியில் கதைத்தேன். "அங்கிள், அம்மா விழுந்து கிடந்தாலும் எங்களுக்குத் தெரியாதே" என்று அழாத குறையாகச் சொன்னான். இருவர் சொன்னதும் நியாயம். ஆனால் விழுந்து கிடப்பது ரொறன்ரோவில் தெரிந்து என்ன பயன்? ஓடிவரக்கூடியவர் பக்கத்து வளவில் இருக்கிறார்.

நானும் பேத்தியும் அந்த அம்மாவிடமே கேட்டோம்: காலையில் எழும்பினால் முதலில் எங்கே போவீர்கள்? நாலரைக்கு எழும்பிக் குசினிக்கு, பிறகு பின்கதவைத் திறந்து கிணற்றடிக்கு, பிறகு காலைப் பூசைக்கு என்றார். குசினி வாசலுக்கு மேல் ஓர் அசைவு உணரி வைத்தோம். உடம்புச் சூட்டின் அகச்சிவப்புக் கதிர் அசையும்போது மட்டும் அது உணரும். முகமும் தெரியாது, படமும் இல்லை. பின்கதவில் காந்தம் வைத்த சிறு சுவிச்சு. காலை 6 மணி வரை இரண்டிலும் அசைவு தெரியாவிட்டால் பக்கத்து வீட்டு விறாந்தையில் ஒரு மணி அடிக்கும். கால் மணிநேரத்துக்குள் அவர்கள் வந்து பொத்தானை அமத்தாவிட்டால்தான் பிள்ளைகளுக்குச் செய்தி போகும். இரண்டு வீட்டுப் பலகைகளும் றவுட்டர் இல்லாமலே ஒன்றோடொன்று நேரே பேசும். இணையம் போனாலும் மணி அடிக்கும். கரண்ட் போனால் தாங்குவதற்குச் சிறு லிதியம் பற்றரி வைத்தோம். எல்லாம் முடிந்த பிறகு அந்த அம்மா ஒரு வேலை சொன்னார்: "நான் வெளியில போறன் எண்டு சொல்ல ஒரு சுவிச்சு வையுங்கோ. மடுவுக்குப் போற நாளில பக்கத்து வீட்டுச் சனத்தைச் சும்மா ஓடவைக்கக் கூடாது." எங்கள் இருவருக்கும் அது தோன்றவில்லை. வாசல் கதவுக்குப் பக்கத்தில் அதையும் வைத்தோம். தன்னைப் பற்றி என்ன தகவல் யாருக்குப் போகிறது என்று அந்த அம்மாவுக்கு முழுதாகத் தெரியும். வேண்டாமென்றால் நிறுத்தவும் தெரியும். வயதானவரைப் பார்த்துக்கொள்வது என்றால் அவர் கையிலிருந்து வீட்டைப் பிடுங்கிக்கொள்வது ஆகக் கூடாது.

கமராவைப் பற்றி இன்னொரு விஷயமும் உண்டு. 2016 இல் மிராய் என்ற தீநிரல் உலகெங்கும் வீட்டுக் கமராக்களையும் றவுட்டர்களையும் பிடித்தது. கம்பனி போட்டுக் கொடுத்த கடவுச்சொல்லை யாரும் மாற்றாததால் அது சுலபமாகப் புகுந்தது. அந்த ஆண்டு ஒக்டோபர் 21 இல் அப்படிப் பிடித்த கருவிகள் பலவற்றை ஒரே இடத்தின் மேல் ஏவிவிட, டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் அமெரிக்காவின் பல பகுதிகளில் மணிக்கணக்காகக் கிடைக்காமல் போயின. தன் வீட்டுக் கமரா அதில் சேர்ந்தது வீட்டுக்காரர் பலருக்குத் தெரியவே தெரியாது.

எங்கள் மன்னார்த் தீவில் இந்தத் தொழினுட்பத்துக்கு இருக்கும் பெரிய வேலை தண்ணீர்தான் என்பது என் கருத்து. மற்றவை பிறகு.

மன்னார்த் தீவு மணல் தீவு. மழை பெய்தால் மணலுக்குள் இறங்கும் நல்ல தண்ணீர், கீழே இருக்கும் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. உப்பு நீர் கனம் கூடியது, அதனால் கீழே நிற்கும். கடல்மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நல்ல தண்ணீர் நின்றால் கீழே சுமார் 40 மீற்றர் வரை நல்ல தண்ணீர் இருக்கலாம் என்று 19 ஆம் நூற்றாண்டு முடிந்து 20 ஆம் நூற்றாண்டு தொடங்கும் காலத்தில் கைபன், ஹெர்ஸ்பெர்க் என்ற ஒல்லாந்த, ஜேர்மன் பொறியியலாளர் இருவர் தனித்தனியே கணக்குப் போட்டார்கள். ஏட்டுக் கணக்கு அது, நிலத்துக்கு நிலம் மாறும். ஆனால் அதன் மறுபக்கத்தைப் பாருங்கள்: மேலே கொஞ்சம் இறங்கினால் கீழிருந்து உப்பு பல மடங்கு ஏறும். துலாவும் வாளியுமாக இறைத்த காலத்தில் கை ஓய்ந்ததும் கிணறும் ஓய்ந்தது. மோட்டருக்குக் கை ஓயாது. தாங்கி நிரம்பி வழிந்து வளவெல்லாம் ஓட, வீட்டுக்காரர் கடைக்குப் போயிருப்பார். கிணற்றின் அடியில் உப்பு ஏறிக்கொண்டிருக்கும். ஏறிய உப்பு இறங்க ஒரு மாரி போதாது. 2025 இல் புதிய காற்றாலைகளும் இல்மனைட் மணல் அகழ்வும் வேண்டாம் என்று மன்னார்ச் சனம் தெருவில் இறங்கியதற்கு இந்த நிலத்தைப் பற்றிய பயமும் ஒரு காரணம். பெரிய காரியங்களில் எங்கள் குரல் எவ்வளவு ஏறும் என்பது வேறு. எங்கள் கிணற்றை நாங்களே கெடுக்காமல் இருப்பது எங்கள் கையில் இருக்கிறது.

எங்கள் வளவில் செய்ததைச் சொல்கிறேன். தாங்கியின் மூடிக்குக் கீழே நீர் புகாத ஒலியலை உணரி ஒன்று. அது கீழ்நோக்கி ஒலித்துடிப்பை அனுப்பும். தண்ணீரில் பட்டுத் திரும்ப எடுத்த நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடும். சுமார் 20 சென்ரிமீற்றருக்குக் கிட்ட வந்தால் அதற்கு அளக்கத் தெரியாது. ஆகவே நீர் அவ்வளவு உயரத்துக்கு வருமுன் மோட்டர் நிற்கவேண்டும். மூடியின் உட்பக்கத்தில் வியர்க்கும் நீர் உணரியின் முகத்தில் படிந்தால் அளவு தடுமாறும். அதற்காகக் கூடவே சாதாரண மிதவைச் சுவிச்சு ஒன்றையும் வைத்தோம். இரண்டில் எது நிறுத்து என்றாலும் மோட்டர் நிற்கும். பேத்தி எழுதிய ஈ.எஸ்.பி ஹோம் வரிகளில் இன்னும் இரண்டு கட்டளைகள் உண்டு. மோட்டர் ஒரு நேரத்தில் 10 நிமிடத்துக்கு மேல் ஓடக்கூடாது; ஓடி நின்றால் கிணறு ஊற விட்டுத்தான் மறுபடி ஓடும். மற்றது, போன கரண்ட் திரும்பி வரும்போது மோட்டர் தானாக ஓடத் தொடங்கக்கூடாது. 2025 பெப்ரவரி 9 இல் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுக்க மின்சாரம் நின்றதே, அப்படியான நாளில் வீட்டில் யாரும் இல்லாத நேரம் கரண்ட் வந்தால், நாள் முழுக்க ஓடிய நிலையில் மோட்டரைக் காண்பீர்கள்.

இதில் இளம்பிள்ளைகள் பலர் தவறவிடும் இடம் ஒன்று இருக்கிறது. கடையில் ஈ.எஸ்.பி பலகையோடு சேர்த்து விற்கும் நீல நிற றிலேயில் 10 அம்பியர் என்று அச்சடித்திருக்கும். 1 குதிரைவலு மோட்டர் ஓடும்போது 5, 6 அம்பியர்தான் எடுக்கும், ஆகவே போதும் என்று தோன்றும். மோட்டர் கிளம்பும் அந்தக் கணத்தில் அதைவிடப் பல மடங்கு மின்னோட்டம் பாயும். றிலேயின் தொடுமுனைகள் அதில் உருகி ஒட்டிக்கொள்ளும். பிறகு நிரல் நிறுத்து என்று சொன்னாலும் மோட்டர் நிற்காது. ஆகவே நீல றிலே, கொன்டக்டர் என்ற பெரிய மின்சுவிச்சின் சுருளை மட்டும் இயக்க வேண்டும். மோட்டரின் பாரத்தைக் கொன்டக்டர் சுமக்க வேண்டும். இது நிரல் எழுதிப் பழகியவருக்குத் தெரியாது, வயர் இழுத்துப் பழகியவருக்குத் தெரியும். என் பேத்திக்கு நிரல் தெரியும், எனக்கு ஈயம் வைக்கத் தெரியும். ஒரே மேசையில் இருந்தபடியால் அந்தப் பெட்டி சரியாக வந்தது. வேலையிலிருந்து ஓய்வுபெற்று விறாந்தையில் இருக்கும் வயர்மன்மார், மெக்கானிக்மார், தபாற்கந்தோர்த் தந்திக்காரர் எல்லோரிடமும் இப்படி ஏதோ ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்தது உப்புக் காற்று. சோழகம் வீசத் தொடங்கினால் தென்கரை வீடுகளில் ஆணியும் கீலும் துருப்பிடிக்கும் வேகம் எங்களுக்குத் தெரியும். செப்புக் கம்பியின் முனை பச்சைக் களிம்பு பிடித்துவிடும். பலகையை நன்றாகத் துடைத்து, இணைப்பு முனைகளை மறைத்துவிட்டு, மின்பலகைக்கென்றே விற்கும் வார்னிஷை இரண்டு தரம் பூச வேண்டும். பெட்டி நீர் புகாததாக இருக்க வேண்டும். வயர் நுழையும் துளை எப்போதும் கீழ்ப்பக்கம். வயரை நேரே உள்ளே விடாமல் ஒரு வளைவு கீழே தொங்கவிட்டு ஏற்றினால் மழைநீர் வளைவில் சொட்டிப் போய்விடும். பெட்டியைச் சோழகம் நேரே படாத சுவரில் பூட்டுங்கள். இந்த ஊருக்குத் தக்கபடி செய்யும் இந்த வேலையை எந்தக் கம்பனியும் எங்களுக்காகச் செய்யப்போவதில்லை.

கிணற்று நீரில் உப்பு ஏறுகிறதா என்று அறிவதும் சுலபம். உப்பு கூடினால் நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். இரண்டு துருப்பிடிக்காத உருக்குக் கம்பிகளை ஒரே இடைவெளியில் பொருத்தி அந்தக் கடத்தலை அளக்கலாம். நேரோட்டம் விட்டால் கம்பி அரித்துப்போகும். பலகை இரு பக்கமும் மாறி மாறிச் சிறு துடிப்புகளாக விடவேண்டும். நாள்தோறும் ஒரு எண் எழுதப்படும். அந்த எண் மாதம் மாதமாக ஏறினால் இறைப்பதைக் குறையுங்கள். ஒரு குறிச்சியில் பத்து வீட்டார் இதை வைத்து எண்களை ஒருவருக்கொருவர் காட்டினால், எந்தப் பக்கத்தால் உப்பு வருகிறது என்பதே தெரிந்துவிடும்.

இது எங்களுக்கு எட்டாத காரியம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு காணாமற்போனவர்களையும் முகாம்களையும் நிவாரணத்தையும் பதிவுசெய்ய ஒரு மென்பொருள் தேவைப்பட்டபோது, இலங்கை இளைஞர்கள்தான் சஹானாவை எழுதினார்கள். லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷன் அதற்குத் துணைநின்றது. எழுதியதைத் திறந்தே விட்டார்கள். அடுத்த ஆண்டு பாகிஸ்தானில் நிலநடுக்கம் வந்தபோது அது அங்கே பயன்பட்டது. 2010 இல் ஹெயிட்டியிலும் பயன்பட்டது. சமூக நலனுக்கான திட்டம் என்று கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2006 க்குரிய விருதைச் சஹானாவுக்கு அளித்தது. இலங்கையைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பத்தாண்டுக்கு முன்னரே ஆர்டுயினோ வகைப் பலகைகளில் மலிவான வானிலை நிலையங்களைச் செய்து இந்த நாட்டில் பரீட்சித்தார்கள். மழை, காற்று, வெப்பம் எல்லாம் அளக்கும். காற்றுக்குப் பேர்போன தீவு எங்களுடையது. 2020 இல் தம்பபவனி என்று 30 காற்றாலைகளை எங்கள் தென்கரையில் நட்டார்கள். அந்தக் காற்றை எங்கள் பாடசாலைப் பிள்ளைகளும் தங்கள் கையால் செய்த கருவியில் அளக்கலாம்.

செய்பவர்களுக்குச் சில கண்டிப்பான வார்த்தைகள். வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அது கற்றுக்கொடுக்க இரண்டாம் முறை வராது. உணரி, பலகை எல்லாம் 5 வோல்ட் பக்கம். அதைப் பிள்ளைகள் தாராளமாகத் தொடட்டும். 230 வோல்ட் பக்கத்தை அனுமதியுள்ள மின்னியலாளரே பூட்ட வேண்டும். வீட்டில் 30 மில்லி அம்பியர் ட்றிப் சுவிச்சு இருக்கிறதா என்று பாருங்கள். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அமத்திப் பாருங்கள். எங்கள் காய்ந்த மணலில் எர்த் கம்பி சரியாகப் பிடிக்காது. ஈரம் நிற்கும் ஆழம் வரை கம்பி போகவேண்டும், அளந்தும் பார்க்கவேண்டும். காஸ் அடுப்பை இப்படி இயக்காதீர்கள். வாசல் பூட்டையும் இதில் விடாதீர்கள் என்பது என் எண்ணம். தீப்பிடித்தால் இருட்டில் கை தானாகத் தேடித் திறக்கக்கூடிய கொளுக்கிதான் வேண்டும். சுவரிலிருக்கும் கைச்சுவிச்சு எப்போதும் வேலைசெய்ய வேண்டும். பலகை செத்தாலும் அம்மம்மா விளக்கைப் போடக்கூடியதாக இருந்தால்தான் அது நல்ல வேலை. செய்து முடித்ததும் சுற்றுப் படத்தைத் தமிழில் வரைந்து, எந்த வயர் எங்கே போகிறது என்று எழுதி, பெட்டியின் மூடிக்கு உட்பக்கத்தில் ஒட்டுங்கள். நாளைக்கு நீங்கள் கனடாவில் இருக்கலாம். திருத்த வருபவருக்கு அந்தப் படம் வேண்டும்.

தமிழில் எழுதுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த விஷயங்களுக்கான குறிப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில். ஆங்கிலம் தெரியாத பிள்ளைக்கு அது இன்னொரு பசை போட்டு ஒட்டிய மூடி. தமிழ்நாட்டில் கணியம் என்ற இதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருள்களைப் பற்றித் தமிழில் எழுதி இலவசமாகத் தருகிறது. அதைப் படித்துத் தொழில் கற்றவர்கள் இருக்கிறார்கள். மன்னாரின் உப்புக் காற்றையும் மணலையும் கிணற்றையும் பற்றிய குறிப்புகளை எங்கள் பிள்ளைகள்தான் எழுத வேண்டும். றிலே எப்படி ஒட்டிக்கொண்டது, வார்னிஷ் எத்தனை மாதம் தாங்கியது என்பது போன்ற சின்னச் சின்ன விஷயங்கள்தான் அடுத்தவருக்கு உண்மையில் உதவுபவை.

நான் வேலை பழகிய கடையின் முதலாளி தனக்குத் தெரிந்ததை எனக்கு ஒளிக்கவில்லை. தொழிலைச் சொல்லிக் கொடுத்தால் எதிர்க்கடை போட்டுவிடுவான் என்று அவரிடம் பலர் சொன்னார்கள். நான் எதிர்க்கடை போட்டேன்தான். அதன் பிறகும் கடினமான பெட்டி வந்தால் அவர் என்னிடம் அனுப்புவார், நான் அவரிடம் ஓடுவேன். இருவருக்கும் வேலை குறையவில்லை. என் பேத்தி கையிலிருக்கும் பலகையும் அந்த மனசுடையவர்கள் செய்ததுதான்.

ஆவணியில் மடுத் திருவிழாவுக்கு ஊருக்கு வரும் பிள்ளைகளுக்கு: அம்மாவுக்கும் அப்பாவுக்கும் கமரா வாங்கி வராதீர்கள். வந்து இரண்டு நாள் அவர்களோடு வீட்டில் இருங்கள். காலையில் எந்தக் கதவைத் திறக்கிறார்கள், எந்தப் படியில் தடுமாறுகிறார்கள், எது வேண்டும் எது வேண்டாம் என்று கேளுங்கள். பிறகு பக்கத்து வீட்டுப் பொடியனையோ பெட்டையையோ கூப்பிட்டு, அவர்களோடு சேர்ந்து செய்யுங்கள். மீதியாகும் பலகைகளையும் ஈயக்கோலையும் அளவைமானியையும் ஊர்ப் பாடசாலைக்குக் கொடுத்துவிட்டுப் போங்கள். அதிபர்மாருக்கும் ஆசிரியர்மாருக்கும்: சனிக்கிழமை பின்னேரம் ஒரு வகுப்பறையைத் திறந்து விடுங்கள். மேசை நாலு, பிளக் நாலு, ட்றிப் சுவிச்சு ஒன்று போதும். என்னைப் போன்ற கிழவர்கள் கூலி கேட்காமல் வருவோம்.